முதுகுக்கு அழைப்பு

"முதல்ல அவனை எழுந்திருக்கச் சொல்லுங்க சார்!" என்று கத்தினார் கோபு.

கத்துவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. முகவாயை ஒரு கட்டையில் பதித்திருந்தார்கள். இடது கையை நாற்காலியோடு பட்டை போட்டுக் கட்டியிருந்தார்கள். வலது கையில் ஓர் இரும்புப் பிடி. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த டி.வி.யில், அதேபோல் பனியனோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான்.

"யாரை எழுந்திருக்கச் சொல்றது?" என்றார் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவன்.

"டி.வி.யில இருக்கானே, எங்க அண்ணன் ரங்கன், அவனைத்தான்! ஏழு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லை. எங்கே பார்த்தாலும் முதுகைக் காட்டிக்கிட்டுப் போயிடுவேன். அவனை யார் சார் இங்க விட்டது?"

பேராசிரியரின் பேனா பாதியில் நின்றது. "கோபு, அது நீங்க. உங்களுக்குப் பின்னாடி கேமரா இருக்கு. அதுல தெரியறது உங்க முதுகு."

"என் முதுகை நான் எப்ப சார் பார்த்தேன்? அவன் முதுகைத்தான் பார்த்திருக்கேன். எட்டு வருஷம் சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்து பார்த்த முதுகு. எனக்குத் தெரியாதா?"

பேராசிரியர் பேனாவை மறுபடி ஓட்டினார். யோசித்துப் பார்த்தால் தன் முதுகை நேரில் பார்த்தவர் யாருமில்லை.

இது நடந்தது தொண்ணூற்று நான்கில். பொத்தேரிப் பக்கம் அப்போது இத்தனை கட்டடம் கிடையாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் இறங்கினால் ஒரு டீக்கடை, அதன் பின்னால் முள்வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு பொறியியல் கல்லூரி. அந்தக் கல்லூரியில் கோபு ஸ்டோர் கீப்பர். ஸ்க்ரூ முதல் சாக்பீஸ் வரை அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே வராது. மனுஷன் நல்லவர்தான், வீம்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

ஸ்ரீநிவாசராகவன் அதே கல்லூரியில் யந்திரக் கை செய்துகொண்டிருந்தார். லாரி வைப்பர் மோட்டாரையும் சைக்கிள் செயினையும் கோத்துச் செய்த கை அது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் கோபு அதை, "யந்திரக் கை, வலது, ஒன்று" என்று ஏற்றியிருந்தார். நாற்காலியில் உட்காருபவர் தன் முன்னால் இருக்கும் பிடியைத் தள்ளினால், பின்னால் இருக்கும் யந்திரக் கை ரப்பர் விரலால் அவர் முதுகையே தொடும். அதை அவரே எதிரே டி.வி.யில் பார்ப்பார், கேசட்டிலும் பதிவாகும். மனிதன் 'நான், நான்' என்கிறானே, அந்த நான் எங்கே உட்கார்ந்திருக்கிறது, நாற்காலியிலா, டி.வி.யிலா என்பது பேராசிரியரின் கேள்வி.

மாணவர்களை உட்கார வைத்துப் பார்த்தார். அவர்கள் மார்க்கை மனதில் வைத்துக்கொண்டு, "நீங்க எங்கே சொல்றீங்களோ அங்கேதான் சார்" என்றார்கள். ஆகவே வெளியாட்களைப் பிடிக்க ஆரம்பித்தார். வந்தவர்களின் பெயரை எழுதுவதில்லை, நம்பர்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா அன்பளிப்பு. கல்யாணச் சீரில் பெயர் வெட்டுவதுபோல அதில் அவரவர் நம்பரை வெட்டி வைத்திருந்தார். முந்தின நாள் அப்பா திதி என்று பேராசிரியர் லீவு. இன்று வருவதாகச் சொன்ன ஆள் வராததால், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த கோபுவை இழுத்து வந்துவிட்டார்.

"சரி, அண்ணான்னே வெச்சுக்குங்கோ," என்றார் பேராசிரியர். "மணி அடிக்கும்போதெல்லாம் பிடியைத் தள்ளணும். அங்கே அவர் முதுகுல படும்."

"ஓங்கித் தள்ளலாமா?"

"உங்க இஷ்டம்."

கோபுவின் முகம் மலர்ந்தது. மூன்று விநாடிக்கு ஒருமுறை 'டிங்' அடிக்கும் கருவியை அட்டெண்டர் ஏசுபாதம் முடுக்கிவிட்டார்.

டிங். ரங்கன் பெருங்களத்தூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில் மச்சினன் பெயர்கூட இருந்தது, கூடப்பிறந்த தம்பி பெயர் இல்லை. அதற்கு ஒரு குத்து. டிங். 'அச்சகத்துக்காரன் விட்டுட்டான்' என்று சமாதானம் சொன்னதற்கு ஒரு குத்து. டிங். அந்தச் சமாதானத்தை நேரில் வந்து சொல்லாமல் ஆளிடம் சொல்லியனுப்பியதற்கு இரண்டு குத்தாக ஒரு குத்து.

"ஆ!" என்று அலறினார் கோபு. "அவனைக் குத்தினா எனக்கு ஏன் சார் வலிக்குது?"

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்கோ," என்றார் ஏசுபாதம்.

பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார். முப்பது பேர் வந்து போனதில் ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை.

"இன்னொண்ணு சார்," என்றார் கோபு. "நான் ஓங்கிக் குத்தறேன். டி.வி.யில மட்டும் பூ மாதிரி தொடுது."

"அது பழைய டி.வி. அப்படித்தான் தெரியும்."

ஏசுபாதம் கேசட் போடும் டெக் பக்கம் குனிந்தார். உடனே நிமிர்ந்து, "ஹீட்டாயிட்ச்சு சார்" என்று சொல்லி எல்லாவற்றையும் அணைத்துவிட்டார்.

கோபுவுக்குக் கொடுத்த டப்பாவில் முப்பத்திரண்டு என்று வெட்டியிருந்தது. "இவர் முப்பத்தொண்ணு ஆச்சே. அந்த டப்பா எங்கே?" என்றார் பேராசிரியர்.

"எலி இழுத்துகினு போயிருக்கும் சார்," என்றார் ஏசுபாதம்.

எவர்சில்வர் டப்பாவை எலி என்ன செய்யும் என்று பேராசிரியர் கேட்கவில்லை. அவர் மனம் டெல்லிக்கு அனுப்பப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் இருந்தது.

அன்று சாயங்காலம் இரும்புலியூர் வீட்டில், பீரோ கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தபடி கோபு சுற்றிச் சுற்றி வந்தார். மனைவி செல்வம்மாள் முறத்தோடு வந்து நின்று பார்த்தாள்.

"பொண்ணு கல்யாணத்தை வெச்சுக்கிட்டு என்னங்க கூத்து இது?"

கோபு விஷயத்தைச் சொன்னார். செல்வம்மாளுக்கு ஆச்சரியமே இல்லை.

"பின்னால பார்த்தா நீங்களும் உங்க அண்ணனும் ஒண்ணுதான். ஒருவாட்டி தாம்பரம் மார்க்கெட்ல நீங்கன்னு நெனச்சு காய்ப் பையை அவர் கையில திணிச்சுட்டேன். மனுஷன் வாயே திறக்கலை. இங்க வரைக்கும் தூக்கிட்டு வந்து வாசல் கேட் பக்கத்துல வெச்சுட்டுப் போனாரு."

"எப்ப?"

"மூணு வருஷம் இருக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா அந்தக் கத்திரிக்காயைச் சாப்பிட்டிருப்பீங்களா?"

கோபு விடவில்லை. "டி.வி.யில அவன் பனியன்ல தோள்பட்டைகிட்ட ஓட்டை இருந்தது. எனக்கு அங்க ஓட்டை இல்லை, பாரு."

செல்வம்மாள் கொடியிலிருந்து நான்கு பனியனை உருவிக் கட்டிலில் போட்டாள். "எந்த ஓட்டை வேணுமோ பார்த்து எடுத்துக்குங்க. அப்புறம், பிரஸ்லேர்ந்து ஜெயக்கொடி மறுபடியும் ஆள் அனுப்பிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பத்திரிகைக்குப் பேர் குடுத்தாகணுமாம். உங்க அண்ணன் பேரைப் போடறதா, வேணாமா?"

"வேணாம்."

"பெரியப்பா இல்லாம நான் மணையில உட்கார மாட்டேன்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. கல்யாணப் பெண் கனகவல்லியின் குரல். அவளுக்கும் அப்பாவின் வீம்பு அப்படியே வந்திருந்தது.

மறுநாள் பேராசிரியர் கோபுவை மறுபடி உட்கார வைத்தார். இந்தத் தடவை கட்டை, பட்டை ஒன்றும் இல்லை. "தலையைச் சாய்ங்கோ" என்றார். டி.வி. தலை சாய்ந்தது. "காதைச் சொறிங்கோ." டி.வி. காதைச் சொறிந்தது.

"இப்ப என்ன சொல்றேள்?"

"இது நான்தான் சார்," என்றார் கோபு. பேராசிரியர் பெருமூச்சு விட்டார். "ஆனா நேத்து வந்தது அவன்தான்."

இதோடு விட்டிருந்தால் கோபு பிழைத்திருப்பார். பேராசிரியரோ, ஒரே உடம்பு ஒரு நாள் தானாகவும் ஒரு நாள் அண்ணனாகவும் தெரிகிறது என்று பிரின்சிபாலைக் கூப்பிட்டுக் காட்டினார். பிரின்சிபால் தன் அறைக்குப் போய்ச் சேருவதற்குள் கல்லூரி முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

"சார், இன்னிக்கு நீங்களா, அண்ணனா?" என்று வராந்தாவில் மாணவர்கள் வழிமறித்தார்கள். கேன்டீன்காரர் இரண்டு டீ வைத்தார். சாமான் வாங்க இண்டெண்ட் சீட்டோடு வந்த லெக்சரர், கோபு போட்ட கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது செல்லுமா சார்? போட்டது யாரு?" என்றார். பதினெட்டு வருஷமாக ஒரு நட்டு போல்ட்டுகூடக் கணக்குத் தப்பாத கோபுவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

வியாழக்கிழமை பேராசிரியரிடம் போய் நின்றார். "சார், என்னைப் பைத்தியக்காரன்னு நினைக்கறாங்க. இதை நிறுத்திடுங்க."

"நிறுத்த ஒரே வழிதான். உங்க அண்ணாவை அழைச்சிண்டு வாங்கோ. ரெண்டு முதுகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்துடலாம்."

"அவன் வீட்டுப் படியை நான் மிதிக்கறதா?"

"அப்ப, இவருக்குச் சொந்த முதுகே அடையாளம் தெரியலைன்னு எழுதி டெல்லிக்கு அனுப்பிடறேன்."

கூரை ஏறிக் கோழி பிடிக்காதவர் என்று சொன்னாலும் கோபு பொறுத்துக்கொள்வார். அண்ணன் முதுகு தெரியாதவர் என்று டெல்லி வரை எழுதுவதை அவரால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினார்.

"பெருங்களத்தூர் போறேன். கல்யாணத்துக்குக் கூப்பிடப் போகலை, புரிஞ்சுதா? முதுகுக்குத்தான் கூப்பிடப் போறேன்."

"எதுக்கோ ஒண்ணுக்குக் கூப்பிடுங்க," என்றாள் செல்வம்மாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பைக்குள் வெற்றிலை பாக்கும் குங்குமச் சிமிழும் ஒரு சீப்பு பழமும் வைத்துவிட்டாள்.

ஏழு வருஷத்துக்கு முன் தனியாக நின்ற வீடு, இப்போது நாலு பக்கமும் வீடுகள் வந்து நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. கேட்டருகே அந்தப் பழைய சைக்கிள். அதே கேரியர். அதில் கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கட்டியிருந்தது, அன்று போலவே.

கோபு கேட்டைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். ரங்கனுக்கும் அவருக்கும் எட்டு வயது வித்தியாசம். இரும்புலியூர் ஏரிக்கரையிலிருந்து தாம்பரம் பள்ளிக்கூடம் வரை அந்தக் கேரியர்தான். மழை வந்தால் முதுகோடு ஒட்டிக்கொள்வார். ரயில் கேட் மூடியிருந்தால், அண்ணன் முதுகைச் சிலேட்டாக வைத்து விரலால் எழுதுவார். என்ன எழுத்து என்று அண்ணன் திரும்பாமலே சொல்ல வேண்டும். கூட்ஸ் வண்டி நீளமாக வந்தால் உயிரெழுத்து பன்னிரண்டும் முடிந்துவிடும். அதையெல்லாம் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"வாடா," என்று உள்ளிருந்து குரல் வந்தது. ரங்கன் கதவருகே நின்றிருந்தார். ரிட்டயரானபின் கொஞ்சம் இளைத்திருந்தார். "ஏன் வாசல்லயே நிக்கற? உள்ள வா."

கோபு உள்ளே போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் வேற வேலையா வந்தேன். காலேஜ் வேலை. உன் முதுகு வேணும்."

"எடுத்துக்கோ," என்றார் ரங்கன்.

கோபு எல்லாவற்றையும் சொன்னார். நாற்காலி, பிடி, டி.வி., குத்து. குத்தியது வலித்தது என்ற இடத்தில் ரங்கன் லேசாகச் சிரித்தார்.

அண்ணி கிளியம்மாள் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்தாள். புத்தம் புது எவர்சில்வர் டப்பா. "தம்பி, இதை முதல்ல..."

"டப்பாவோடவா கொண்டாருவாங்க? தட்டுல வெச்சுக் குடு," என்று ரங்கன் அவசரமாக எழுந்து அவளை உள்ளே திருப்பிவிட்டார்.

"நாளைக்கு லேபுக்கு வர்றியா?" என்றார் கோபு.

"லேபெல்லாம் எதுக்குடா? இங்கயே பார்த்துக்கோ."

ரங்கன் சட்டையைக் கழற்றினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தம்பிக்கு முதுகைக் காட்டினார். பனியனில் தோள்பட்டைகிட்ட ஓர் ஓட்டை இருந்தது.

கோபு அதைப் பார்த்தார். ஆனால் அந்த நேரத்தில் ஓட்டையைப் பற்றி வாதாட அவருக்கு மனம் வரவில்லை. விரலை நீட்டினார். எழுதினார்.

"அ," என்றார் ரங்கன், திரும்பாமல்.

இன்னொன்று எழுதினார்.

"ஆ."

இ எழுதப்போன விரலைக் கோபு பாதியில் எடுத்துவிட்டார். "அண்ணா," என்றார். ஏழு வருஷமாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. "பத்திரிகையில உன் பேரைத்தான் முதல்ல போடப் போறேன். நீ இல்லாம கனகா மணையில உட்கார மாட்டாளாம்."

"அவ சொன்னாளா, நீ சொல்றியா?"

"நான்தான் சொல்றேன்."

பையைத் திறந்தபோதுதான் வெற்றிலை பாக்கு உள்ளே இருப்பது தெரிந்தது. பொண்டாட்டியைத் திட்டக்கூட முடியாமல் அதைத் தட்டில் வைத்து நீட்டினார். உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்த கிளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஜெயக்கொடி அச்சகத்துக்குப் பெயர் போய்ச் சேர்ந்தது.

கல்யாணம் பெருங்களத்தூர் மண்டபத்தில் நடந்தது. ரங்கன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியைக் கவனித்தார். 'பெரியப்பா, பெரியப்பா' என்று மண்டபமே அவரைக் கூப்பிட்டது. கல்லூரியிலிருந்து பேராசிரியரும் ஏசுபாதமும் வந்திருந்தார்கள். இரண்டு இலைக்கும் நடுவில் நின்று, கோபு உபசரித்துக்கொண்டே பெருமையடித்தார்.

"உங்க மிஷின் என்ன சொல்லுச்சோ எனக்குத் தெரியாது சார். அன்னிக்கு டி.வி.யில தெரிஞ்சது என் முதுகுன்னே ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, ஏழு வருஷத்து வீம்பை விட்டுட்டு முதல்ல தேடிப் போனது நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. என்ன அண்ணா?"

எதிர்வரிசையில் பாயச வாளியோடு குனிந்திருந்த ரங்கன், "ஆமாண்டா, நீதான் முதல்ல வந்தே," என்றார், திரும்பாமல்.

அந்தக் குனிந்த முதுகைப் பார்த்த ஏசுபாதத்தின் கையில் அப்பளம் அப்படியே நின்றது.

"ஐயையோ! முப்பத்தொண்ணு!"

"எது முப்பத்தொண்ணு?" என்றார் பேராசிரியர்.

ரங்கன் திரும்பிப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஆனால் ஏசுபாதம் ஒரு மாதமாக மனதில் பூட்டி வைத்திருந்த பாவம் அது. இலைக்கு முன்னால் பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"மன்ச்சிடுங்க சார். நீங்க லீவு போட்ட அன்னிக்கு, இவரு நம்ம ஸ்டோர் வாசல்ல உள்ள போலாமா வேணாமான்னு அரை மணி நேரமா நின்னுகினு இருந்தாரு. டெஸ்ட்டுக்கு வந்த ஆளுன்னு நெனச்சு நான்தான் இட்டுகினு போய் உக்கார வெச்சேன், டப்பாவும் குடுத்தேன். மறுநாள் கோபு சாருக்கு ரெக்கார்டு பண்ற செவப்பு பட்டனை அமுக்காம, பழைய கேசட்டை ஓட வுட்டுட்டேன். அன்னிக்கு டி.வி.யில ஓடினது இவரு கேசட்டு சார்."

பேராசிரியர் தன் கட்டுரையை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கோபு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பாயச வாளியைப் பார்த்தார்.

"அப்ப... அவ்வளவு மெதுவாத் தொட்டது?" என்றார் கோபு.

"இவருதான் சார். இது உன் முதுகுதாம்பான்னு தலையில அடிச்சிகினு சொன்னேன். 'இல்லப்பா, ஏழு வருசமா என் தம்பி எனக்குக் காட்டுறது இந்த முதுகைத்தான், எனக்குத் தெரியாதா, பாவம் அவனுக்கு வலிக்கப் போவுது'ன்னு சொல்லிகினே தொட்டாரு."